இருபத்தெட்டு வரை

வாரத்தில் ஆறு நாள்
குழல்விளக்கின் கீழே விரித்த துணியில்
புள்ளி தேடுவது என் வேலை.
எண்ணெய்ப் புள்ளி, துருப் புள்ளி,
ஊசி தவறவிட்ட ஒற்றைக் கண்ணி.
கண்டவுடன் சிவப்பு அம்பு ஒட்டித்
தள்ளிவைப்பேன்.
அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி,
செக்கிங், இரண்டாவது மேசை.

ஏழாம் நாள்
அதே கண்ணைத் தூக்கிக்கொண்டு
படியூர் தாண்டி வண்டியை நிறுத்தி
கிளுவை வேலி ஓரம்
குத்துக்காலிட்டு உட்காருகிறேன்.
கையில் நூல் எண்ணும் மடக்குக் கண்ணாடி.
திங்கள் காலை மேசைக்குத் திரும்பிவிடும்,
யாரும் கேட்டதில்லை.

எருக்கில்தான் தொடங்குவேன்.
தளிரின் அடியில்
சோளக் குருணை அப்பியதுபோல் மஞ்சள் அசுவினி.
அது இருந்தால் பொறிவண்டு வரும்.
வராத ஞாயிறுகளும் உண்டு.
அன்றைக்கு எறும்புகளைப் பார்த்துவிட்டு
வெயிலோடு வீடு திரும்பினேன்.

ஆறு புள்ளி என்று பேர் வாங்கியது
ஆறையும் காட்டுவதில்லை.
புள்ளிகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்து
முதுகில் நெளிந்து ஓடுகின்றன.
கீழ்பவானி வாய்க்கால் நெல்லில் கிடைத்ததற்குப்
புள்ளியே கிடையாது, வெறும் ஆரஞ்சு.
தென்னை ஓலையில் இருந்தது
கோட்டிலிருந்து அறுந்த கறுப்புப் பொத்தான்.
கோவைக்கொடியில் ஒரு மஞ்சள்,
இலையில் பூத்த வெள்ளைப் பூஞ்சையை
மேய்ந்துகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
பிறகு, கடுகில் பாதியாய் ஒன்று.
கண்ணாடியை மடக்கி விரிப்பதற்குள் போய்விட்டது.
நோட்டில் அதற்கு ஒரு கேள்விக்குறி.

"என்னங் அம்மிணி தொலச்சுப்போட்டீங்?
தோட்டுத் திருகா?"
தோட்டக்காரி தேவாத்தாள்.
முதுகில் மருந்துத் தெளிப்பான்.

"வண்டு பாக்கறனுங்."

"அதுக்கு வேலியில ஏனுங் கெடக்கறீங்?
நம்ம கத்திரிக்கு வாங்,
கூடையில அள்ளிக்கலாம்."

போனேன்.
இலைகள் வலைத்துணியாகி
நரம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.
ஒன்றைப் பிடித்து எண்ணினேன்.
பதினொன்று, பன்னிரண்டு, கால் உதைத்தது,
மறுபடி முதலிலிருந்து.
இருபத்தெட்டு.
மெல்லிய மயிர் படர்ந்து மங்கிய முதுகு.
"இதுதானுங் எலையத் திங்கறது."
பக்கத்துச் செடியில் இன்னொன்று, பளபளவென்று.
"இது எலையத் தொடாதுங்.
அசுவினியத் திங்கும்."

தேவாத்தாள் குனிந்து
இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள்.
"மருந்துக்கு இந்தக் கணக்குத் தெரியுமுங்களா?"

நான் பளபளப்பதை மட்டும்
உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டேன்.
"தள்ளி நில்லுங்.
காத்து உங்க பக்கம் அடிக்குது."
பம்பை அடிக்கத் தொடங்கினாள்.

வேலிக்குத் திரும்பியபோது
எருக்கிலையின் அடியில்
கூட்டுப்புழுவின் தோல் பிளந்திருந்தது.
வெளியே வந்து நின்றது வெளிர் மஞ்சள்,
ஈரம், ஒரு புள்ளி இல்லை.
நெல்லில் பார்த்த ஆரஞ்சு இல்லை இது.
கோவைக்கொடி மஞ்சளும் இல்லை.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
புதுசு என்று எழுதி
இரண்டு கோடு கிழித்தேன்.
அயர்னிங் லோகாம்பாளுக்குப் படம் அனுப்பினேன்.
அவள்தான் ஞாயிற்றுக்கிழமையும்
திட்டாமல் போனை எடுப்பவள்.

தண்ணீர் பாட்டில் தீர்ந்தது.
தார் ரோட்டில் தேங்காய் லாரிகள் போயின.
அதன் முதுகுக்குள்ளிருந்து ஏதோ ஊறி
மேலே வர ஆரம்பித்தது,
சலவை முடிந்த துணியில்
மறைந்திருந்த எண்ணெய் தெரிவதுபோல்.
முதலில் நிழல், பிறகு சாம்பல்,
பிறகு நெளிவு.

அட, ஆறு புள்ளி.
ஊரெல்லாம் இருப்பது.
நோட்டில் 'புதுசு' மேல் ஒரு கோடு இழுத்தேன்.
கீழே சொல் படிக்கும்படிதான் இருந்தது.

போன் அதிர்ந்தது.
"கறை வருதேடி.
பாஸா, ரிஜெக்டா?"

இலையை விடாமல்
ஒற்றைக் கட்டைவிரலால் தட்டினேன்:
இன்னும் காயல.